மேஜைமேல் வந்தவாசி

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு நண்பரும் மேஜைமேல் சண்டை போடுகிறோம். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் வீட்டு மாடியில் பழைய கதவு ஒன்றை இரண்டு முக்காலிகளின்மேல் கிடத்தி, பழுப்புத்தாள் ஒட்டி, ஏரி, கரை, வரப்பு, குன்று எல்லாம் வரைந்து வைத்திருக்கிறோம். வீரர்கள் வெறும் அட்டைத் துண்டுகள். ஒரு துண்டுக்கு ஐம்பது ஆள் கணக்கு. இரண்டு பகடை, ஒரு அளவுகோல், நாங்களே எழுதிக்கொண்ட பதினாறு பக்க விதிகள். வயதான இரண்டு பேர் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை.

நாங்கள் திரும்பத் திரும்ப ஆடுவது வந்தவாசிச் சண்டை. 1760 ஜனவரி 22ஆம் தேதி, கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும், முற்றுகையை விலக்க வந்த இங்கிலீஷ் தளபதி அயர்கூட்டுக்கும் நடந்தது. பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பியர் சுமார் 2,250 பேர், சிப்பாய்கள் சுமார் 1,300. உதவிக்கு வந்த மராட்டியக் குதிரைப்படை எட்ட நின்று வேடிக்கை பார்த்தது. இங்கிலீஷ் பக்கம் ஐரோப்பியர் 1,900க்கு மேல். சிப்பாய்கள் சுமார் 2,100. நாட்டுக் குதிரைவீரர்கள் சுமார் 1,250. இந்த ஒரு பகலோடு தென்னிந்தியாவில் பிரெஞ்சு ராஜ்யம் என்கிற யோசனை தீர்ந்தது. மறுவருஷம் ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது.

முதல் இரண்டு தடவை ஆடியபோது ஆட்டம் சப்பென்று இருந்தது. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும், குதிரை ஒரு சுற்றில் எவ்வளவு அங்குலம் போகும், எத்தனை பேர் விழுந்தால் ஒரு பட்டாளம் கலையும் என்பதையெல்லாம் வாத்தியார் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார். ஆனால் நாங்கள் இட்ட கட்டளைகள் எல்லாம் அப்படியே நிறைவேறின. ‘போ’ என்றால் அட்டை போயிற்று; ‘நில்’ என்றால் நின்றது. வந்தவாசியில் நடந்ததோ அதற்கு நேர்மாறு. லாலி தம் குதிரைப்படையைப் பாயச் சொன்னார். அது நகர மறுத்தது. அதன் அதிகாரியை அங்கேயே விலக்கிவிட்டுத் தாமே முன்னால் நின்று நடத்திப்போனார். பிறகு சிப்பாய்களை முன்னேறச் சொன்னார், அவர்களும் மறுத்தார்கள். கட்டளைக்கும் காரியத்துக்கும் நடுவில் மனிதர்கள் நின்றார்கள். எங்கள் மேஜையில் அந்த மனிதர்கள் இல்லை.

எனவே ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு சீட்டு எழுதுவது என்று தீர்மானித்தோம். சீட்டில் பெயர், பதவி, குணம். கட்டளை வரும்போது சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கட்டளை அவன் குணத்தோடு ஒத்துப்போனால் சரி, முரண்பட்டால் பகடை. எழுத்து வேலை என்பதால் சீட்டு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தச் சில மாதங்களில் சரித்திரத்தைப் பற்றியும் பாத்திரப் படைப்பைப் பற்றியும் எனக்கிருந்த அபிப்பிராயங்கள் பல ஆட்டம் கண்டன. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

2

இந்த விளையாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் மனிதன் உள்ளே நுழைந்தது கொஞ்சம் தாமதமாகத்தான்.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் அரசனுக்கு ஒரு மேஜை செய்து கொடுத்தார். நிலத்தைத் துண்டு துண்டாக மாற்றி அடுக்கிப் போர் பழகும் மேஜை. அவருடைய மகன், பீரங்கிப்படையில் இளம் அதிகாரி, 1824இல் அதை வரைபடத்துக்கு மாற்றினான். 1:8000 என்ற அளவில் படம், பட்டாளங்களுக்கு உலோகக் கட்டைகள், சேதத்தைக் கணக்கிடப் பகடை, நடுவில் ஒரு நடுவர். தலைமைத் தளபதி மூஃப்லிங் இதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டல்ல, யுத்தப் பயிற்சி என்று உற்சாகப்பட்டு ராணுவம் முழுக்கப் பரவ வழி செய்தார். மூன்று வருஷத்துக்குள், 1827இல், அந்த இளைஞன் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தான். அவன் செய்த விளையாட்டில் கட்டைகளுக்குப் படபடப்பு இல்லை, பொறாமை இல்லை, மனச்சோர்வு இல்லை. தன்னைக் கொன்ற எதையும் அவன் விதிகளுக்குள் கொண்டுவரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவனுடைய ஆட்டத்தில் குணம் என்பது மேஜைக்கு இந்தப் பக்கம், ஆடுகிற அதிகாரியிடம் இருந்தது; பழக வேண்டியவன் அவன்தானே.

1876இல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி பகடையையும் அட்டவணைகளையும் தள்ளிவிட்டு, அனுபவமுள்ள நடுவர் தீர்ப்புச் சொன்னால் போதும் என்றார். அப்போதும் கட்டை கட்டையாகவே இருந்தது.

மரத்துண்டுக்கு மனசு கொடுத்தவர்கள் ராணுவத்தார் அல்லர், குழந்தைகள். 1826 ஜூனில் யார்க்‌ஷயரில் ஒரு பாதிரியார் லீட்ஸ் நகரத்திலிருந்து மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பன்னிரண்டு சிப்பாய்கள். மறுநாள் காலை நான்கு குழந்தைகளும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயது ஷார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தாள். தம்பி பிரான்வெல் தன்னுடையதற்கு போனபார்ட் என்று வைத்தான். எமிலி எடுத்த சிப்பாயின் முகம் கடுகடுவென்று இருந்ததால் அதையொட்டியே அதற்குப் பெயர் அமைந்தது. அதாவது, தச்சன் உளி தவறிய இடத்தில் ஒரு குணம் பிறந்தது. பிராண்டி சகோதரிகளின் நாவல்கள் அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தன என்று சொன்னால் மிகை. ஆனால் வெகுவாக மிகை இல்லை. அந்த வீட்டில் 1821இல் தாய் இறந்திருந்தாள். 1825இல் மூத்த பெண்கள் இருவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்திருந்தார்கள். குழந்தைகளின் ஆட்டத்தில் செத்த சிப்பாயை எழுப்பிவிடும் சக்தி அந்த நால்வருக்கும் உண்டு. குணம் கொடுத்தவனைச் சாகவிட மனம் வராது என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

1880–81, 1881–82 குளிர்காலங்களில் க்ஷயரோகத்துக்காக டாவோஸ் மலையில் தங்கியிருந்த ஸ்டீவன்ஸன், மனைவியின் மகனான சிறுவனோடு பரண் தரையில் சாக்குக்கட்டியால் படம் வரைந்து ஈயப் பொம்மைகளை வைத்து வாரக்கணக்கில் யுத்தம் நடத்தினார். போர்முனைச் செய்திகளைப் பத்திரிகைகளின் பாணியில் தாமே எழுதினார். அதில் ஜெனரல்கள் திட்டப்பட்டார்கள், புகழப்பட்டார்கள். அந்தச் சிறுவன் வளர்ந்து 1898இல் அதைப் பிரசுரித்தான். 1913இல் வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது அவரும் தம்மையே ஒரு ஜெனரலாக வேஷம் கட்டிக்கொண்டு ஒரு சண்டையை விவரித்தார். அடுத்த வருஷம் நிஜமான யுத்தம் வந்தது.

1973இல் டோனி பாத் என்ற ஆங்கிலேயர் தம் கற்பனை ராஜ்யங்களின் யுத்தத்தை எப்படி நடத்தினார் என்று ஒரு புத்தகம் எழுதினார். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு எடுத்துக் குணம் நிர்ணயித்தார் அவர். விழுந்த சீட்டைப் பொறுத்து ஒருவன் விசுவாசி, ஒருவன் பேராசைக்காரன். அமெரிக்காவில் 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துச் சண்டை ஒன்றில் பட்டாளங்களை விட்டுவிட்டு ஆடுபவருக்கு ஆளுக்கு ஒரு மனிதனைக் கொடுத்தார். வந்தவர்கள் சண்டையை மறந்து பேசிக்கொண்டும் சதி செய்துகொண்டும் இருந்தார்களாம். அந்த வழியில் போனது 1974இல் வேறொரு விளையாட்டாயிற்று. அது நம் விஷயமல்ல.

சீட்டுக்கட்டில் குணம் எடுக்கும் யோசனை வாத்தியாருக்கு மிகவும் பிடித்தது. “பாரபட்சம் இல்லாத முறை சார். தெய்வமே அப்படித்தான் பண்ணுது” என்றார். கற்பனை ராஜ்யத்துக்கு அது சரி. வந்தவாசியில் நின்றவர்கள் கற்பனை அல்ல. அவர்களுக்கு ஏற்கெனவே குணம் இருந்தது. அதைச் சீட்டில் எடுப்பது, செத்தவன் வீட்டில் ஆளில்லாதபோது புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைப்பது போல.

3

லாலியின் சீட்டைப் பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. அதுவே என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும்.

தகப்பன் அயர்லாந்திலிருந்து பிரான்ஸுக்கு ஓடிவந்தவர். மகன் 1702இல் பிரான்ஸில் பிறந்து, 1745இல் ஃபோன்டனாய் போரில் இங்கிலீஷ் பட்டாளத்தை உடைத்துப் பெயரெடுத்தவர். இந்தியாவுக்கு அனுப்பும்படி கம்பெனியார் கேட்டபோது மந்திரி தார்ஜான்சோன் எச்சரித்தார்: இந்த மனிதர் நெருப்பு, ஒழுங்கு குலைந்தால் பொறுக்கமாட்டார், நேராக நடக்காத எதையும் வெறுப்பார், வெறுப்பதை மறைக்கவும் மாட்டார், உங்கள் ஆட்களோடு ஒத்துப்போகாது. கம்பெனியார் கேட்கவில்லை. 1758 ஏப்ரல் 28இல் லாலி பாண்டிச்சேரியில் இறங்கினார். ஜூன் 2இல் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். வண்டிமாடு இல்லையென்றதும் ஊராரை ஜாதி பார்க்காமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். பணம் வசூலிக்கத் தஞ்சாவூருக்குப் போகிற வழியில், கீழ்வேளூரில், ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டுக் கோவில் பிராமணர் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். தஞ்சாவூரில் தோற்றார். சென்னையை 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரிவரை முற்றுகையிட்டுத் தோற்றார். பக்கத்தில் நின்ற புஸ்ஸியையும் நம்பவில்லை, கவர்னரையும் நம்பவில்லை. அவர்களும் அவரை நம்பவில்லை.

‘நெருப்பு. கட்டளை தாமதித்தால் தானே போவான்’ என்று சீட்டில் எழுதினேன். மந்திரி எழுதிய சீட்டைத்தான் நான் காப்பியடித்திருக்கிறேன் என்று பிறகு புரிந்தது.

லாலியின் முடிவை அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். தோற்றுக் கைதியாகி இங்கிலாந்து போனவர், பாரிஸில் தம்மைத் திட்டுகிறார்கள் என்று கேட்டு, பதில் சொல்லத் தாமாகவே பிரான்ஸ் திரும்பினார். பாஸ்டீல் சிறையில் போட்டார்கள். ராஜாவின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்பாகி, 1766 மே 9இல், பேசாமலிருக்க வாயில் கட்டையைத் திணித்துத் தலையை வெட்டினார்கள். லாலி துரோகியல்ல, அவரைப் பிடிக்காத சரித்திரக்காரர்களும் இதைச் சொல்கிறார்கள். சாட்சிகள் வரிசையாக வந்து சொன்னது அவருடைய கோபத்தை, வசவை, அகங்காரத்தை. குணத்தைக் கூட்டிக் கூட்டிக் குற்றமாக்கினார்கள். வால்டேர் விடாமல் எழுதினார். மகன் விடாமல் வழக்காடினான். 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. சாவுப் படுக்கையில் கிடந்த வால்டேருக்குச் சேதி போனது. அவர் எழுதவைத்த கடைசிக் கடிதம் அந்த மகனுக்கு.

ஒரு மனிதனை ஒரு வரியில் எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை கழுத்தை அறுக்கும் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் வேண்டாம். நம் பத்திரிகைத் தொடர்கதைகளில் வரும் சேனாதிபதிகளைப் பற்றி நாமெல்லாம் எத்தனை ஏளனமாகப் பேசியிருக்கிறோம்! ஒருவனுக்கு மீசை, ஒருவனுக்குத் தழும்பு, ஒருவனுக்குச் சபதம். மீசையைத் தாண்டி ஆள் கிடையாது. நான் எழுதிய லாலியும் மீசைதான். கொஞ்சம் ஆதாரம் உள்ள மீசை.

அயர்கூட்டின் சீட்டு வேறு மாதிரிச் சிக்கல். இவரும் அயர்லாந்துக்காரர், 1726இல் பிறந்தவர். 1757இல் பிளாசிக்கு முன்னால் கிளைவ் கூட்டிய ஆலோசனையில் பெரும்பாலோர் பொறுக்கலாம் என்றபோது உடனே தாக்கலாம் என்று வாக்களித்தவர்களில் ஒருவர். ஆனால் வந்தவாசியில் அவர் அவசரப்படவேயில்லை. லாலியை முற்றுகையில் சிக்கவிட்டு, தமக்கு வசதியான நேரத்தில், வசதியான தரையில் வந்து நின்றார். 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதரோடு மோதிய அயர்கூட் இன்னொருவர்: நோயாளி, சிடுசிடுப்பவர், யாரோடும் ஒத்துப்போகாதவர், கிட்டத்தட்ட லாலி. எந்த வருஷத்து அயர்கூட்டை நான் எழுதுவது? குணம் என்பது ஒருவனிடம் இருக்கிற சரக்கா, அல்லது அன்றைக்கு அவன் நின்ற இடமா? ஜெயித்தவனுக்கு நிதானம் என்றும் தோற்றவனுக்கு முன்கோபம் என்றும் பெயர் வைக்கிறோமோ என்று தோன்றிவிட்டது. சீட்டை எழுதிமுடித்தேன். திருப்தியில்லை.

4

இனி சிப்பாய்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்து 3,400 சிப்பாய்கள். ஐரோப்பியர் 4,200க்குச் சற்று முன்பின். இங்கிலீஷ் பக்கத்தில் சிப்பாய்கள் ஐரோப்பியரைவிட அதிகம். அவர்களுக்குச் சுபேதார் உண்டு, ஜமேதார் உண்டு, பட்டாளத்துக்குக் கமாண்டன் உண்டு. என் கையில் பதினான்கு ஐரோப்பியச் சீட்டுகள் நிரம்பின. சிப்பாய் அதிகாரிகளுக்கு வெட்டி வைத்த ஒன்பது சீட்டும் வெள்ளையாகக் கிடந்தன. ராபர்ட் ஓர்மின் பெரிய சரித்திரத்தில் (முதல் பகுதி 1763, அடுத்தது 1778) வந்தவாசிச் சண்டை மணிக்கு மணி இருக்கிறது. பிரெஞ்சு இடதுபக்கம் ஏரிக்கரை அரணில் மருந்துவண்டி வெடித்து எண்பது பேர்வரை அடிபட்டது, அந்தக் குழப்பத்தில் பிரியர்ட்டன் பாய்ந்து இடத்தைப் பிடித்துத் தாமும் சாகும் காயம் பட்டது, புஸ்ஸி குதிரை இழந்து பிடிபட்டது, எல்லாம் உண்டு. ஐரோப்பியனுக்குச் சாவில்கூடப் பெயர் இருக்கிறது.

“இதிலே என்ன சார் கஷ்டம்? சிப்பாய்க்கு மனோதிடம் மூணுன்னு போட்டாச்சே. அது போதும்” என்றார் வாத்தியார்.

இதுதான் விதிப்புத்தகங்கள் எல்லாம் செய்வது. அச்சான விதிகள் பலவற்றைப் பார்த்தேன். ஐரோப்பிய அதிகாரிக்குக் குணம். நாட்டுப் பட்டாளத்துக்கு எண். லாலியின் குதிரைப்படை மறுத்தால் அதற்கு ஒரு கதை. அதிகாரிக்கு லாலியைப் பிடிக்காது, எதிரே பீரங்கி இருந்தது, இப்படி. சிப்பாய் மறுத்தால் பகடையில் மூன்றுக்கு மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே நாளில், ஒரே தளபதிக்கு, இரண்டு மறுப்புகள். ஒன்று மனிதன் செய்தது. மற்றது இயற்கை, மழை மாதிரி.

இத்தனைக்கும் மறுப்பதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம் என்பது ரகசியமில்லை. வந்தவாசிக்கு மூன்று மாதம் முன்னால், 1759 அக்டோபரில், பிரெஞ்சுப் பட்டாளத்தின் ஐரோப்பியர்களே கலகம் செய்தார்கள், சம்பளப் பாக்கிக்காக. அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, நியாயத்தோடு இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்க்கே பணம் தராத கஜானா கறுப்புச் சிப்பாய்க்கு ஒழுங்காகத் தந்திருக்குமா? ஆனால் சிப்பாய்களின் மறுப்பு ஒரு வரி. முற்றுப்புள்ளி. அதன்பின் யாரும் ‘ஏன்’ என்று கேட்கவில்லை.

இங்கிலீஷ் பக்கச் சிப்பாய் அதிகாரிகள் அந்தச் சரித்திரத்தில் ஒரே ஒரு தடவை வாய் திறக்கிறார்கள். சண்டை முடிந்ததும் கமாண்டன்கள் அயர்கூட்டிடம் வந்து வெற்றிக்கு வாழ்த்துச் சொல்லி, இப்படியொரு சண்டையைத் தாங்கள் கண்டதே இல்லை, காணத் தந்ததற்கு நன்றி என்றார்களாம். பின்னால் வந்த சரித்திரக்காரர்கள் இதை ஆசையோடு எடுத்து எடுத்து எழுதினார்கள். வெள்ளையர் வீரத்துக்குக் கறுப்பர் கொடுத்த சர்ட்டிபிகேட்.

இந்த வாக்கியத்தின்மேல் நான் வெகுநாள் உட்கார்ந்திருந்தேன். அன்று அடிபட்டுச் செத்தவர்களில் பெரும்பாலோர் இரு பக்கத்து ஐரோப்பியர்கள். சிப்பாய்கள் அதிகமும் ஓரத்தில் நின்று பார்த்தவர்கள். எங்கள் தரையில், எங்கள் ஏரிக்கரையில், கடல் கடந்து வந்த இரண்டு கூட்டம் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று கொன்றுகொள்வதைப் பார்க்கக் கொடுத்துவைத்தோம் என்று ஒருவன் சொன்னால், அது வாழ்த்தா? குத்தலா? பணிவா? நிஜமான வியப்பா? சொன்னது எந்த மொழியில்? மொழிபெயர்த்த துபாஷி எதை விழுங்கினான்? அந்த வாக்கியத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். முகம் திருப்பிக்கொண்டு நிற்கிறான்.

குணம் தெரியவருகிற சிப்பாய்த் தலைவன் இல்லாமலில்லை. யூசுப்கான் இருக்கிறார். சென்னை முற்றுகையின்போது வெளியிலிருந்து லாலியை அரித்துக்கொண்டேயிருந்தவர். அவருடைய துணிச்சல், நிர்வாகம், கர்வம் எல்லாம் தஸ்தாவேஜுகளில் உண்டு. 1914இல் ஹில் என்ற ஆங்கிலேயர் தனிப் புத்தகமே எழுதினார். ஆனால் அந்தக் கவனம் எதனால் வந்தது? அவர் எதிர்த்துக் கிளம்பியதால். 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். விசுவாசமாக இருந்து, பென்ஷன் வாங்கி, ஊரில் செத்திருந்தால் அவர் பட்டியலில் ஒரு பெயர். தூக்குமரத்துக்குப் போனால்தான் சிப்பாய்க்குப் பாத்திரத்தன்மை வருகிறது.

பாண்டிச்சேரியில் அப்போது ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போது ஆறுதலாகவும் ஏக்கமாகவும் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பை 1761 ஜனவரியில், நகரம் விழச் சில நாள் இருக்கையில், தாம் சாகும்வரை எழுதினார். 1756இல் தலைமைத் துபாஷ் பதவி போன பிறகும் எழுதுவதை விடவில்லை. லாலி பணத்துக்காக நகரத்தைக் கசக்கியது அவர் கண்ணில் பட்டது. நம் மொழியில் வெள்ளைக்காரர்களுக்கு எழுதப்பட்ட முதல் சீட்டுகள் அவருடையவை என்று சொல்லலாம். மந்திரி தார்ஜான்சோனுக்குத் தெரியாத லாலி ஒருவர் அங்கே இருக்கிறார். ஆனால் பிள்ளையின் கண்ணும் வியாபாரியின் கண், பெரிய மனிதரின் கண். சுபேதார்கள் அவருக்கும் தூரம்தான். அங்கே போயும் என் ஒன்பது சீட்டுகள் வெறும் சீட்டுகளாகவே திரும்பி வந்தன.

5

கடைசியில் நானே எழுதினேன்.

பிரெஞ்சுப் பக்கச் சிப்பாய்களுக்கு ஒரு சுபேதார். வயது நாற்பத்தைந்து. செங்கம் பக்கத்து ஆள். அதற்கு முன் இரண்டு எஜமானர்களிடம் சேவகம் செய்தவன். அதிகம் பேசமாட்டான். தன் ஆட்களின் பெயரெல்லாம் தெரியும். குதிரைப்படை சிதறி ஓடிவந்ததை மேட்டிலிருந்து பார்த்தவன். ‘ஜெயிக்கிற பக்கத்தைவிட உயிரோடிருக்கிற பக்கம் பெரிது’ என்று நினைப்பவன். ஒரு பெயரும் வைத்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஆட்டம் பார்க்க ஓர் இளம் கவிஞர் வருவார். டீ வாங்கி வருவார், பகடை பொறுக்கித் தருவார். அன்று என் சுபேதார் சீட்டைத் திருப்பிப் படித்ததும் அவர் முகம் மாறியது. இரண்டு மாதம் கழித்து ஒரு சிறிய கூட்டத்தில், இருபது பேர் இருப்போம், அவர் சரித்திரத்தின் மௌனங்கள் என்று பேசினார். வந்தவாசியில் லாலியின் கட்டளையை மறுத்த அந்தச் சுபேதாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார், செங்கம் உட்பட. கூட்டம் நிசப்தமாகக் கேட்டது. ஒரு பேராசிரியர் பெயரைக் குறித்துக்கொண்டார்.

நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து, அது நான் எழுதியது, அப்படி ஒருவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கவிஞரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பாத்திரம் எழுந்து நடந்து சரித்திரத்துக்குள் போய்விட்டது. எழுதுகிறவன் எவனுக்கும் அதைவிடப் போதை வேறில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் போதை இறங்கிற்று. அன்று அங்கே நின்று மறுத்தவன் ஒருவன் நிஜமாகவே இருந்தான். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அவன் ஊர் செங்கம் இல்லாமலிருக்கலாம். அவன் கோழையாகவே இருந்திருக்கலாம். அவனுக்கு அதற்கும் உரிமை உண்டு. ஓர்ம் அவனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது, காலி என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் அந்தக் காலியிடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டேன். அந்த விவேகமும், குறைந்த பேச்சும், எஜமானர்கள்மேல் அலுப்பும் யாருடையவை? நம்மைப் போன்று சிறுபத்திரிகை படிக்கிற ஆளுடையவை. ஓர்ம் செய்தது மௌனம். நான் செய்தது ஆக்கிரமிப்பு. பாரிஸில் லாலியின் வாயில் கட்டையைத் திணித்தார்கள்; நான் சுபேதாரின் வாயில் என் நாக்கைத் திணித்திருக்கிறேன்.

மறுநாள் கவிஞரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ எழுதாமலே விட்டிருக்கணும்கறீங்களா?” என்று கேட்டார். பதில் தெரியாமல் விழித்தேன். பேராசிரியருக்கு அவரே கடிதம் எழுதினார். அந்த அளவில் அவர் என்னைவிட யோக்கியர்.

அவருடைய கேள்வி மட்டும் போகவில்லை. எழுதாமல் விட்டால் அந்த இடத்தில் எண் வந்து உட்கார்ந்துகொள்ளும், மனோதிடம் மூன்று. எண்ணும் ஒரு கற்பனைதான். தன்னைக் கற்பனையென்று ஒப்புக்கொள்ளாத கற்பனை. மௌனத்தை மதிக்கிறேன் என்று சொல்லி விலகிக்கொள்வதும் ஓர்மின் பக்கம் போய் நிற்பதே. வேறு வழி வேண்டும்.

6

இப்போது எங்கள் சீட்டுகள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஆதாரம் உள்ளது மசியில். நான் கற்பித்தது பென்சிலில். லாலியின் சீட்டைத் திரும்ப எழுதியபோது ஒன்று கவனித்தேன்: நான் நினைத்ததைவிடப் பென்சில் அதிகம். அன்று அவர் செய்தவை மசி. ‘நெருப்பு’ என்பது மந்திரி சொன்னதாக மசி. ‘கோபத்தால் செய்தார்’ என்பது பென்சில். அயர்கூட்டின் ‘நிதானம்’ முழுக்கப் பென்சில். புகழ்பெற்றவர்கள் விஷயத்திலும் நமக்குத் தெரிந்தது செயல்தான். குணம் நாம் இட்டுநிரப்பியது. அந்த வகையில் லாலிக்கும் சுபேதாருக்கும் உள்ள தூரம் கொஞ்சம் குறைந்தது.

சுபேதாருக்குப் பெயர் எடுத்துவிட்டேன். வயது, ஊர் எடுத்துவிட்டேன். ஒரு சீட்டுக்குப் பதில் ஆறு சீட்டு எழுதினேன். சம்பளம் பாக்கி. குதிரைப்படை ஓடியதைப் பார்த்தான். இடப்பக்கத்தில் மருந்துவண்டி வெடித்த சத்தம் கேட்டது. கட்டளை மொழி புரியவில்லை. இது தன் சண்டையல்ல. ஆறாவது சீட்டில் காரணம் எழுதவில்லை; ‘மறுத்தான்’ என்று மட்டும், மசியில். ஆட்டம் தொடங்குமுன் கலைத்து ஒன்றைக் கவிழ்த்து வைப்போம். கட்டளையிடுகிறவனுக்கு அது என்னவென்று தெரியாது. லாலிக்கும் தெரியாது.

போன மாதம் ஆடினோம். வாத்தியார் பிரெஞ்சுப் பக்கம். குதிரை சிதறியது, லொரேன் பட்டாளம் உடைந்தது, ஏரிக்கரை போயிற்று. சிப்பாய்களை மேட்டிலிருந்து இறக்கினால் ஒருவேளை நிறுத்தலாம் என்ற நிலை. அவர் சீட்டைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

“இதிலே காரணம் இல்லையே சார்.”

“இல்லை.”

“பகடை போடலாமா?”

“போடலாம். உங்க இஷ்டம்.”

பகடையைக் கையில் எடுத்தவர் உருட்டவில்லை. நாற்பது வருஷம் பையன்களிடம் விடைக்கு வழி எங்கே என்று கேட்டுப் பழகியவர். வழி எழுதாத விடைக்கு மார்க் போடமாட்டார் என்று ஊரில் பெயர். பகடையை மேஜை ஓரத்தில் வைத்தார்.

“வேண்டாம். அவன் வரலேன்னா வரலே” என்று சொல்லிவிட்டு, அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.